நாற்பத்தோராவது படி

"எல்லாப் பாரத்தையும் ஒரே தடவையில தூக்கி வெச்சா கூரை எப்படி தாங்கும் லா? கொஞ்சம் கொஞ்சமா வையி," என்று போன வாரம் ரூபேந்திரன் சொன்னான்.

"கொஞ்சமா வெச்சாலும் நாற்பதாவது படியைத் தாண்டினா கணக்கு செத்துப் போகுதே," என்றாள் வலேரி.

"அப்போ எவ்வளவு பாரம்னு நீ முடிவு பண்ணாத. அதையே சொல்ல விடு."

தெப்ராவ் பொறியியல் அலுவலகத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. மெர்சிங் படகுத்துறைக்கான கூரை அவள் கணினியில் இரண்டு வாரமாக நின்றுபோயிருந்தது. கவிழ்த்த தட்டு போல ஆழமில்லாத குவிமாடம். ஒவ்வொரு படியிலும் சுமையைக் கூட்டினால், கணினி ஊகித்து, திருத்தி, மறுபடி ஊகித்து விடையை நெருங்கும். நாற்பதாவது படிக்கு மேல் விடையை விட்டு விலகிக்கொண்டே போகும்.

ஞாயிறுதோறும் அவள் சாஆ ஊரில் இருக்கும் அப்பாவைப் போனில் அழைப்பாள். அவர் ஒரே நிமிடத்தில் போனை வைத்துவிடுவார். திங்களன்று கூரையிடம் திரும்புவாள்.

இன்று முறையை மாற்றினாள். சுமையை அவள் நிர்ணயிக்கவில்லை. ஒரு படிக்கு எவ்வளவு தூரம் நகரலாம் என்று மட்டும் கொடுத்தாள். சுமை ஏறுவதும் இறங்குவதும் கூரையின் பாடு.

நாற்பது.

நாற்பத்தொன்று.

பிழை சுருங்கியது. இன்னும் சுருங்கியது.

திரையில் சுமையைக் காட்டும் கோடு உச்சியில் தயங்கி, கீழே திரும்பியது. சுமை குறையக் குறைய, கூரை நகர்ந்துகொண்டே இருந்தது. பிறகு எங்கோ ஆழத்தில், கோடு மெல்ல மறுபடி ஏறத் தொடங்கியது.

கையிலிருந்த தே ஓ, பாலில்லாத தேநீர், ஆறிப்போனதுகூட வலேரிக்குத் தெரியவில்லை. விடையே இல்லை என்று நினைத்த இடத்தில் ஒரு பாதை இருந்திருக்கிறது. ஏறிக்கொண்டேதான் இருக்க வேண்டும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்திருந்தாள்.

ரூபேந்திரன் எட்டிப் பார்த்தான். "அலமாக்," என்று வியந்தான், கோயிலுக்குள் பேசுவது போல.

அவள் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள்.

மூன்று வருடத்துக்கு முன், ரூபேந்திரனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, அதே போனில் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அன்றிலிருந்து அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அவரை மருமகனா ஏத்துக்குங்க. மனதில் இருந்த இன்னொன்றை ஒருநாளும் கேட்டதில்லை.

மணி அடித்தது. மறுமுனையில் அப்பா ஓட்டும் செம்பனைக் குலை லாரியின் இரைச்சல் அடங்கியது.

"ம்," என்றார் அப்பா பெர்னார்ட்.

"அப்பா, வர ஞாயித்துக்கிழமை மாதா கோயில் பூசையில உங்க பக்கத்துல உட்காரட்டுமா?"