மூன்று மடக்கு

"என் பேர் என்ன, சொல்லு பார்க்கலாம்."

தாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற வாரிக் சிரித்தான். "மேபல்."

மெரில் அவன் கண்களை உற்றுப் பார்த்தாள். மேபல் அவர்கள் வீட்டு நாய். இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய கணவன் வேறொரு நாளில் தன்னை நாயின் பெயரால் கூப்பிட்டிருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இன்று கோபமே வரவில்லை.

விடியும்போது கடலில் இறங்கி நாலு கிலோமீட்டர் நீந்தி, அப்புறம் நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, கடைசியாக நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் முப்பத்தாறாவதில் வந்து நிற்கிறான் மனுஷன். பகல் முழுக்கக் குயின்ஸ்லாந்து வெயில் மண்டையைப் பிளந்திருந்தது. கடலோரச் சாலையின் இந்த வளைவில் ஆள் நடமாட்டம் இல்லை. தூரத்திலேயே அவன் தள்ளாடுவதைப் பார்த்துத் தன் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு ஓடி வந்திருந்தாள் மெரில்.

"கையைக் காட்டு."

விரல்கள் வீங்கிப் பருத்திருந்தன. கடிகாரப் பட்டை சதைக்குள் புதைந்து கிடந்தது.

"உப்பு மாத்திரை எங்க?"

"மரப்பாலத்துல சைக்கிள் குலுங்கிச்சு... டப்பா திறந்து எல்லாம் கொட்டிப் போச்சு. அதனால என்ன? தண்ணி குடிச்சேனே. வழியில ஒவ்வொரு தண்ணி மேசையிலயும் ரெண்டு கப். தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிக்கணும்னு கோச் சொல்லியிருக்காரு."

"உப்பையும் சேர்த்துல்ல சொன்னாரு! வேர்வையில உப்பெல்லாம் போனப்புறம் வெறும் தண்ணியா ஊத்தினா ரத்தம் நீர்த்துப் போயிடும். மூளை வீங்கிடும், மடையா!"

"கத்தாத. தலை வலிக்குது."

அவள் தோள்பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். வெந்நீரில், ரொட்டியில் தடவும் வெஜிமைட் என்ற உப்புக் களிம்பை இரண்டு கரண்டி போட்டுக் கரைத்து வைத்திருந்தாள். வாயில் வைத்தால் கரிக்கும்.

"குடி."

வாரிக்கின் சிரிப்பு பட்டென்று நின்றது. "வேண்டாம்! மேசையில இருக்கறதத் தவிர யார் கையாலயும் எதையும் வாங்கக் கூடாது. வாங்கினா பந்தயத்துலேருந்தே தூக்கிடுவாங்க. சட்டம் உனக்குத் தெரியாததா?"

"தெரியும். தெரிஞ்சதாலதான் இன்னும் உன் வாயில ஊத்தாம இதைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறேன்."

"ரெண்டு தடவை பாதியில விட்டவன் நான். எனக்கு அம்பத்தொம்பது ஆச்சு, மெரில். இன்னொரு தடவை முடியாது. இன்னும் ஆறு கிலோமீட்டர்தான். நீ என்னைப் பாக்காத மாதிரி போயிடு, ப்ளீஸ்."

"உப்புப் பெறாத ஒரு மெடலுக்கா உயிரை விடப்போற?"

அடுத்த மேசை இரண்டு கிலோமீட்டர் தள்ளி. அங்கே உப்புச் சூப் தீர்ந்துபோய் மணிக்கணக்காகிறது. தண்ணீரும் ஆரஞ்சுச் சுளையும்தான் மிச்சம். ஓடி வரும்போதே போனில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. கடற்கரையில் இன்னொருவரை ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம், இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள்.

பின்னாலிருந்து நொண்டிக்கொண்டே வந்த ஓர் ஓட்டக்காரன் வாரிக்கைப் பார்த்துத் தயங்கினான். பிறகு மெரிலைப் பார்த்தான். "ஓ, நீங்க இருக்கீங்களா? அப்ப சரி" என்றுவிட்டு வளைவில் திரும்பி மறைந்தான்.

வாரிக் மரத்தை விட்டு இரண்டு எட்டு வைத்தான். கால் பின்னியது. மெரில் தாங்கிப் பிடித்துத் தரையில் உட்கார வைத்தாள்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே ரோட்டுல ஒருத்தர்" என்றாள். "இதே மாதிரிதான் விரல் வீங்கி, இதே மாதிரிதான் சிரிச்சாரு. பந்தயம் முடியட்டும்னு விட்டாங்க. எல்லைக்கோட்டுல அவர் பொண்டாட்டி பூங்கொத்தோட நின்னுட்டிருந்தா. அவகிட்ட போய்ச் சொன்னது நான். அதை உனக்காக நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

வாரிக்கின் கண்கள் மேலே செருகின. உடம்பு ஒரு தடவை வெட்டி இழுத்தது.

"வாரிக்! டேய், என்னைப் பாரு! வாரிக்!"

கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அவன் திடுக்கிட்டு விழித்தான். அந்த நொடிக்காகவே காத்திருந்தவள் அவன் தலையை நிமிர்த்திப் பிளாஸ்க்கை வாயில் வைத்துச் சாய்த்தாள். ஒரு மடக்கு. முகத்தைத் திருப்பினான், விடவில்லை. இரண்டாவது மடக்கு. மூன்றாவதை அவனே விழுங்கினான்.

காத்திருந்தாள். ஒவ்வொரு நிமிஷமும் ஒரு யுகமாகப் போனது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிளாஸ்க் காலியானது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது வாரிக்கின் பார்வை தெளிந்திருந்தது. அவன் காலி பிளாஸ்க்கைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், குழந்தை மாதிரி அழுதான்.

"ரோட்டுல ஒருத்தரும் இல்ல, மெரில். நீ வாயைத் திறக்கலேன்னா யாருக்கும் தெரியாது."

"தெரியாதுதான்."

"அப்புறம் என்ன? கொஞ்சம் உக்காந்துட்டு மெல்ல நடந்தே முடிச்சிடறேன்."

மெரில் அவன் நெற்றியில் முத்தமிட்டாள். பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து அவன் மடியில் வைத்தாள். கூடவே இருந்த படிவத்தில் எழுதினாள்: 'எண் 418 நீக்கம். காரணம்: வெளியாள் பானம் கொடுத்தார். கொடுத்தவர்: மனைவி.'

அடியில் கையெழுத்துப் போட்டாள்: 'மெரில் ஹோல்கேட், தலைமை நடுவர்.'