பங்கில் வராதது

எலும்புகளை ஒயினில் கழுவிக்கொண்டிருந்தபோது பாத்திரத்துக்குள் ஏதோ 'டங்'கென்றது.

எலும்பின் சத்தமில்லை அது.

அவள் துழாவி எடுத்தாள். பார்த்தாள். முன்துணியில் முடிந்துகொண்டாள்.

மாசிடோனியாவின் அந்த மலைக் கிராமத்தில் வழக்கம் அதுதான். புதைத்து மூன்று வருஷம் போனால் தோண்டியெடுக்க வேண்டும். சிவப்பு ஒயினில் கழுவ வேண்டும். பாதிரியார் ஓத, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் எலும்பறையில் அப்பன் பாட்டன்மாரோடு சேர்க்க வேண்டும். அதுவரை செத்தவனுக்கு இளைப்பாறல் கிடையாது.

அவள் புருஷன் நவூமுக்கு இன்றைக்கும் கிடைக்கிற மாதிரி தெரியவில்லை.

எலும்பறை வாசலில் இரண்டு பாதிரியார்கள். இரண்டு வாத்தியார்கள். இரண்டு கொடிகள். நடுவே சாவியோடு, அப்போது அந்த நாட்டை ஆண்ட துருக்கி சுல்தானின் போலீஸ்காரன்.

நவூம் மாவீரன் அலெக்சாந்தரின் ரத்தம் என்றார் ஏதென்ஸிலிருந்து வந்திருந்த கிரேக்க வாத்தியார். இரண்டாயிரம் வருஷம் அவருக்கு விரல்நுனியில் இருந்தது. ரத்தம் கிடக்கட்டும், வீட்டில் அவன் பேசியது எங்கள் பாஷை என்றார் சோபியாவிலிருந்து வந்திருந்த பல்கேரிய வாத்தியார். எங்கள் தியாகி என்றார் இவர். இல்லை, எங்கள் தியாகி என்றார் அவர்.

நவூம் வயலில் வெங்காயம் போட்டவன்.

இருந்தவரை அவனை யாரும் இப்படிச் சொந்தம் கொண்டாடியதில்லை. மலையிலிருந்து இறங்கிவரும் துப்பாக்கிக்காரர்கள் மட்டும் கேட்பார்கள், நீ எந்தப் பக்கத்து ஆள் என்று. கேட்கிறவன் தொப்பியைப் பார்த்து பதில் சொல்லிக் காலத்தை ஓட்டினான்.

கடைசியாக வந்தவர்கள் தொப்பி போட்டிருக்கவில்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. போலீஸ்காரனுக்குப் பசி. பங்கு போட்டுக்கொள்ளுங்களேன் என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தான்.

படித்தவர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மண்டையோடு கிரேக்கருக்கு. அறிவு பிறந்த நாடல்லவா. மார்புக்கூடு பல்கேரியருக்கு. இதயம் இருந்த இடம். கைகளை ஆளுக்கொன்றாக முடித்துவிட்டார்கள். கால்களில்தான் இழுபறி. கால் நின்ற மண் யாருடையது என்ற கேள்வி வரும். காலை விட்டுக்கொடுத்தால் வயல் போய்விடும், வயல் போனால் மலை போய்விடும்.

பாதிரியார்கள் நிழல் தேடி ஒதுங்கினார்கள்.

அவள் பாத்திரத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவளும் அங்கே இருப்பது கிரேக்க வாத்தியார் கண்ணில் பட்டது. அம்மாவுக்கு ஆட்சேபம் ஒன்றும் இருக்காதே என்று பரிவோடு விசாரித்தார்.

அவள் முடிச்சை அவிழ்த்தாள். இருந்ததை வாசற்படியில் வைத்தாள்.

"இதுவும் அவர் நெஞ்சுக்குள்ளேதான் இருந்தது ஐயா. இது யார் பங்கு?"

இரண்டு வாத்தியார்களும் குனிந்தார்கள்.

ஒயினில் சிவந்த ஈயக் குண்டு.

நிமிர்ந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டாயிரம் வருஷம் தெரிந்தவர்களுக்கு இந்த மூன்று வருஷம்தான் பிடிபடவில்லை. ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மற்றவர் மேகத்தைப் பார்த்து, மழை வரும்போலிருக்கிறது என்றார்.

மேகமே இல்லை.

போலீஸ்காரன் பூட்டைத் திறந்தான்.

அவள் தலை குனிந்து உள்ளே போனாள். ஓதுவதற்கு யாரும் கூட வரவில்லை. நவூமை அவன் அப்பன் பக்கத்தில் முழுசாக வைத்தாள். தெரிந்த ஜெபத்தைத் தெரிந்த பாஷையில் சொன்னாள்.

வெளியே வந்தபோது வாசல் காலியாக இருந்தது. கொடிகளை மறக்காமல் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

குண்டு, வைத்த இடத்திலேயே இருந்தது.