அடி விழும் இடம்

லூர்தம்மாவுக்கு மூளை தட்டிவிட்டது என்று டென்மார்க்கின் விபோர்க் நகரத்துத் தமிழ்ச் சனம் முடிவு கட்டி ஒரு கிழமையாகிறது.

பின்னே என்ன? ஜெபமாலை உருட்ட வேண்டிய வயதில் மனுசி தனியாக இருந்து ஜப்பான் கார்ட்டூன் பார்க்கிறாள். அதுவும் பள்ளிக்கூடத்து ரவுடிப் பெடியள் தெருவில் கட்டிப்புரளுகிற கார்ட்டூன். புத்தகப் பையால் மண்டையில் அடிப்பார்கள், சைக்கிளைத் தூக்கி எறிவார்கள், பிறகு வீங்கிய முகங்களோடு ஒன்றாக இருந்து நூடுல்ஸ் சாப்பிடுவார்கள்.

மேல் வீட்டு டேனிஷ்காரி அன்னாதான் முதலில் சொன்னாள், பின்னேரமானால் கீழே ஒரே அடிபிடிச் சத்தம் என்று. ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிப்பதற்குள் கதைக்குக் கையும் காலும் முளைத்துவிட்டது.

மேர்சி முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிறவள். அவளே போய்ப் பார்த்து, சரியில்லை என்றால் கொம்யூன் என்கிற நகரசபைக்கு அறிவிக்கட்டும் என்று சனம் தீர்மானித்தது. நகரசபை ஆட்கள் வந்து சோதித்தால் லூர்தம்மாவை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டாலும் விடுவார்கள். அங்கே தமிழில் கதைக்க ஒரு பிறவி கிடையாது. அது தெரிந்த உறுத்தலில்தான் மேர்சி ரோல்ஸும் சுட்டுக்கொண்டு போனாள்.

கதவைத் திறந்த லூர்தம்மா வாசலில் நின்று நலம்கூட விசாரிக்கவில்லை.

"கெதியா வந்து இரு, பிள்ளை. இப்ப அடி விழப்போகுது."

டிவியில் சேவல் கொண்டை மாதிரி மஞ்சள் மயிர் வைத்த ஒரு பெடியன். ஐந்தாறு பேர் சுற்றி நின்று அவனை மிதித்தார்கள். லூர்தம்மா முன்னுக்குச் சரிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அவன் விழுந்ததும் அவள் முகம் மலர்ந்தது. ரிமோட்டை அமத்திப் படத்தைப் பின்னுக்குக் கொண்டுபோய் அவனை மறுபடி விழுத்தினாள். பிறகு இன்னொரு தரம்.

நினைவு தப்பிய எத்தனையோ பேரை மேர்சி குளிப்பாட்டியிருக்கிறாள். அடி விழுவதைப் பார்த்துச் சந்தோசப்படுகிற ஒருவரை இதுவரை கண்டதில்லை.

வேலையிடத்தில் கேட்பதுபோலவே மெல்ல ஆரம்பித்தாள்.

"அக்கா, இண்டைக்கு என்ன நாள் எண்டு தெரியுமோ?"

"வெள்ளிக்கிழமை. அதுவும் தவக்காலத்து வெள்ளி. உன்ரை ரோல்ஸில இறைச்சி மணக்குது. நீ மறந்துபோனியோ?"

மேர்சி தட்டை மேசையில் வைத்துவிட்டுப் பேச்சை மாற்றினாள். மகன் டிலுக்சன் போன் எடுக்கிறவனோ என்று கேட்டாள்.

கேட்டிருக்கக் கூடாது. அந்தக் கதை ஊருக்கே தெரியும். படிப்பை விட்டு நடிக்கப் போகிறேன் என்று ஒரே மகன் நின்றபோது, இனி என்னை அம்மா என்று கூப்பிடாதே என்று வாசலில் வைத்துச் சொன்னவள் லூர்தம்மா. அவன் சொல் தட்டாத பிள்ளை. தகப்பனின் செத்தவீட்டுக்கு வந்தபோதும் கொப்பன்ஹேகன்காரன் மாதிரி எல்லாரோடும் டேனிஷில் கதைத்துவிட்டுப் போனான். தாயைக் கூப்பிடவே இல்லை.

லூர்தம்மா இல்லை என்று தலையாட்டினாள். மேர்சி ஆறுதலுக்குச் சிரித்துவைத்தாள்.

"பக்கத்தில இருந்தாப்போல என்ன, அக்கா. என்ரை மகன் நிருபனும் அம்மா எண்டில்லை, டேனிஷில மோர் எண்டுதான் கூப்பிடுறான். பால் குடுத்து வளர்த்தவளுக்குக் கிடைச்சது மோர்."

லூர்தம்மா சிரிக்கவில்லை. எழும்பிப்போய் யன்னலைச் சாத்தினாள். டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

"படத்தைப் பாக்காதை. கண்ணை மூடிக்கொண்டு கேள்."

மேர்சி கண்ணை மூடினாள். ரவுடிகள் டேனிஷில் வெருட்டினார்கள். மஞ்சள் மயிர்க்காரன் டேனிஷில் நக்கலடித்தான். ஒரு குத்து விழுந்தது.

"ஐயோ அம்மா!"

மேர்சி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"அவன்தான்," என்றாள் லூர்தம்மா. "அந்தக் கொண்டைக்காரனுக்கு டேனிஷில குரல் குடுக்கிறது என்ரை பெடியன். எழுதிக் குடுத்ததை எல்லாம் ஒழுங்கா டேனிஷில சொல்லுறான். அடி விழேக்கை மட்டும் வாய் தன்ரை பாட்டில போகுது. வெள்ளைக்காரருக்கு அது வெறும் கத்தல், விட்டிட்டினம்."

"இதை ஏன் அக்கா ஒருத்தருக்கும் சொல்லேல்லை? சனம் உங்களை விசரி எண்டு கதைக்குது."

"கதைக்கட்டும். சொன்னால் அவன்ரை காதுக்குப் போகும். போனால் அடுத்தமுறை கவனமாக் கத்துவான்."

சொல்லிவிட்டு லூர்தம்மா கண்ணைத் துடைக்காமலே டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் மயிர்க்காரன் எழும்பி நூடுல்ஸ் சாப்பிடத் தொடங்கியிருந்தான்.

லூர்தம்மாவின் தலை நன்றாகத்தான் இருக்கிறது, காதுதான் கொஞ்சம் மந்தம், அதுதான் டிவி சத்தம் என்று சனத்துக்குச் சொல்லிவிடலாம் என மேர்சி முடிவெடுத்தாள்.

அவளுடைய கைப்பேசி அதிர்ந்தது. நிருபன். சாப்பாடு எங்கே என்று டேனிஷில் கேட்டான். மோர் என்று தொடங்கி மோர் என்று முடித்தான். அவன் கடைசியாக எப்போது அந்த மற்றச் சொல்லால் தன்னைக் கூப்பிட்டான் என்று மேர்சி யோசித்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை.

கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். கதிரையை லூர்தம்மாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"அக்கா, அவனுக்கு இன்னொருக்கா அடி விழட்டும்."