ஒரு விரல் குறைவு

டிராக்டரின் அளவுக் கம்பியைப் பழந்துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். நேற்று மாலை மேல் கோடு வரைக்கும் இருந்த ஹைட்ராலிக் ஆயில், காலையில் ஒரு விரல் இறங்கியிருந்தது.

கொழுந்தன்தான் எடுக்கிறான். வேறு யார்? பக்கத்து நிலத்தில் அவனிடமும் இதே மாதிரி ஒரு சின்ன டிராக்டர் நிற்கிறது. எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிடுகிறது என்று அவனே அலுத்துக்கொண்டிருக்கிறான்.

வண்டி சமதரையில்தான் நின்றது. இந்த எண்ணெயின் விசையில் ஏறி இறங்கும், முன்னால் இருக்கும் மண் அள்ளும் வாளியும் தரையில் படிந்திருந்தது. அதைத் தூக்கி நிறுத்தினால் அளவு குறைத்துக் காட்டும் என்று அவளுக்குத் தெரியும். வண்டிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

நாற்றுப் பண்ணை வேலை முழுவதும் இப்போது அவள் தலையில். போன வருஷம், தூக்கி நின்ற வாளிக்கு அடியில் சிக்கிக்கொண்ட வேரை அறுக்கக் குனிந்தார் கணவர். யாரும் கவனிக்காமல் கசிந்துகொண்டிருந்த ஹைட்ராலிக் குழாய் வெடித்து, வாளி அவர் காலின் மேல் இறங்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், கெட்ட நேரம், யார் என்ன செய்ய முடியும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் மட்டும் வாயே திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஊன்றுகோலோடு அறைக்கும் கூடத்துக்கும்தான் நடை. வண்டி நிற்கும் கொட்டகையைப் பார்த்த ஜன்னலைக்கூடத் திறக்க விடமாட்டார். ஆனால் காலையில் அவள் உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"ஆயில் பார்த்தியா?"

"பார்த்தேங்க. மறுபடியும் குறைஞ்சிருக்கு. ஊத்திட்டேன்."

அதைக் கேட்டதும் முகம் தெளிந்து சாப்பாட்டுத் தட்டை இழுத்துக்கொள்வார். எப்போதாவது, சரியாக இருக்கிறது என்று அவள் சொன்னால், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

மெக்கானிக் வந்தார். குழாய், மூட்டு, சீல் என்று ஒன்று விடாமல் தடவிப் பார்த்தார். எங்கேயும் கசிவு கிடையாது, யாராவது கையால் எடுத்தால் ஒழிய இந்த எண்ணெய் இறங்காது என்று அடித்துச் சொன்னார்.

அன்றே கொட்டகைக்குப் புதுப் பூட்டு வாங்கினாள். சாவியைக் கூடத்து ஆணியில் மாட்டினாள். மறுநாளும் அதே ஒரு விரல் குறைந்தது. கூடத்துக்கு வந்து போகிறவன் கொழுந்தன் ஒருவன்தான். தினமும் அண்ணனைப் பார்க்க வருவான்.

பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டுவிட்டாள். உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. கணவர் எழுந்து வரவில்லை.

கொழுந்தன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"எனக்கு வேணும்னா உங்ககிட்ட கேட்டு வாங்கிக்க மாட்டேனா, அண்ணி?"

அவ்வளவுதான் பேசினான். காப்பி ஆறிக் கிடந்தது. அதன் பிறகு அவன் வீட்டுப் படி ஏறவில்லை. எண்ணெய் மட்டும் முன்போலவே குறைந்துகொண்டிருந்தது.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பையில் மண் நிரப்பிக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறுந்தது. வீண் பழியைச் சுமத்திவிட்டோமோ என்று தோன்றியது.

மாலையில் எண்ணெயை மேல் கோடு வரை ஊற்றிப் பூட்டினாள். வழக்கம்போல மோட்டாரைப் போட்டுவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவள் மாதிரி கடைசிப் பாத்தி வரைக்கும் நடந்தாள். பிறகு நிழல்வலைக்குப் பின்னால் குனிந்தபடியே சுற்றி வந்து, கொட்டகைத் தகரத்தின் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

பூட்டு திறந்தது. முதலில் உள்ளே வந்தது ஊன்றுகோல்.

கணவர் ஒரு காலை இழுத்து இழுத்து வந்து, கவிழ்த்துப் போட்ட கூடையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. மூடியைக் கழற்றி, மெல்லிய குழாயை உள்ளே விட்டு, கைப்பம்பால் எண்ணெயை ஒரு டப்பாவுக்கு இழுத்தார். அளவுக் கம்பியை விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இழுத்தார். ஒரு விரல் இறங்கியதும் நிறுத்தி, மூடியைச் சுத்தமாகத் துடைத்து மூடினார்.

அவள் வாசலில் போய் நின்றாள்.

"வண்டி பிடிக்கலேன்னா வித்துடலாம்னு சொல்லியிருக்கலாமே. உங்க தம்பியைப் போய்த் திருடன்னு கேட்டுட்டேனே."

அவர் திடுக்கிடவில்லை. தம்பியிடம் தானே போய் நடந்ததைச் சொல்வதாகச் சொன்னார். வண்டியை விற்க வேண்டாம், அவள்தான் ஓட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

"அப்புறம் எதுக்குங்க இது?"

அவர் டப்பாவின் மூடியை நிதானமாகத் திருகினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"குறையாமலே இருந்தா, நீயும் ஒருநாள் பார்க்காம ஏறிடுவே."