நாற்பதுக்கு ஒன்று

"ஐயோ, யாராச்சும் ஓடியாங்களேன்! எம் புருஷன் சாகப் போறாரு!"

இசபெல் போட்ட சத்தத்தில் தோட்டத்து லயத்து வரிசை வீட்டு ஆட்களெல்லாம் திரண்டு ஓடிவந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையின் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. அவள் தோளால் இடித்துத் திறந்தபோது, அவள் கணவன் ராய்ஸ்டன் கையில் ஒரு பாட்டில் பெட்ரோலோடு நின்றிருந்தான்.

பாய்ந்து பிடுங்கினாள். பாதி அவள் கவுனில் சிந்தியது. மீதியைப் பாட்டிலோடு வெளியே வீசினாள், மண் குடித்துவிட்டது.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. ராய்ஸ்டன் மரம் அறுக்கிறவன். கோலா சாவா பக்கம் மறுநடவுக்காகப் பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது, அவன் அறுத்த மரம் ஒன்று திசைமாறித் திரும்பி, கூட வேலை செய்த வீரமுத்துவின் மேல் விழுந்துவிட்டது. ஆள் அங்கேயே போய்விட்டான். யாரும் ராய்ஸ்டனைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மரம் அறுக்கும் செயின்சா மெஷினைத் தொடவில்லை. யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னாப்பா இது? என்னா நடக்குது?" மூச்சிரைக்க வந்த, வேலையாட்களைக் கண்காணிக்கும் மண்டோர் மகேந்திரன் கேட்டார்.

ராய்ஸ்டன் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு மூலையில் கோணிக்குக் கீழே கிடந்த செயின்சாவைப் பார்த்தான்.

"ஒன்னுமில்லண்ணே. திங்கக்கிழமை வேலைக்கு வரலாம்னு… மெஷினுக்குப் பெட்ரோல் கலந்துக்கிட்டிருந்தேன்."

யாரோ ஒருவர் சிரித்தார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

"இதுக்காம்மா இந்தக் கத்து கத்துன? சோத்துக் கையோட ஓடியாந்தேன்லா!" மகேந்திரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ராய்ஸ்டனின் தோளைத் தட்டினார். "வாடா வா, நீ இல்லாம வேலையே ஓடல. ஆமா, என்னா கணக்குல கலந்த? உன்னோடது பழைய மெஷின். இருபத்தஞ்சு பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் ஊத்தணும்."

"அதெல்லாம் அந்தக் காலம்லா அண்ணே," என்றான் போர்டிக்சனில் மெஷின் பழுதுபார்க்கிற ஜேசன். "இப்ப வர்ற எண்ணெய்க்கு அம்பதுக்கு ஒன்னு போதும். அதிகமா ஊத்துனா புகைதான் வரும். பிளக்ல கரி அடைச்சிக்கும்."

"புகை வந்தா வந்துட்டுப் போவுது. கம்மியா ஊத்தி பிஸ்டன் ஜாம் ஆச்சுன்னா, நீயா வந்து மரம் அறுப்ப?"

"எண்ணெய் இல்லாம வெறும் பெட்ரோல ஊத்துனாத்தாண்ணே மெஷின் சாகும். அம்பதுக்கு எத்தனை மெஷின் ஓடுது, வந்து பாருங்க!"

ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். கூட்டம் இரண்டு கட்சியாகி, கடைசியில் எல்லோரும் ராய்ஸ்டன் பக்கம் திரும்பினார்கள்.

"நாப்பது," என்றான் அவன் மெல்ல. "நாப்பதுக்கு ஒன்னு."

"பாத்தியா, ரெண்டு பேரையும் நோகடிக்காம சொல்லிட்டான்!" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

மறுபடியும் சிரிப்பு. இசபெல் மட்டும் தலை நிமிரவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகும் ஒருத்தி நின்றிருந்தாள். புனிதா. வீரமுத்துவின் மனைவி. துணி துவைத்த ஈரக் கையோடு ஓடிவந்திருந்தாள்.

"உயிரோட இருக்கிற மனுஷன, சாகப் போறார்னு ஊரக் கூட்டிக் கத்துறியே இசபெல். உனக்கு எப்படி வாய் வந்துச்சு?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் இசபெலைக் கூனிக் குறுக வைத்தது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிற்பகல் முழுக்க வாசல் பக்கமே போகவில்லை. வெளியே பிள்ளைகள் அவளைப் போலவே "ஓடியாங்களேன்" என்று கத்தி விளையாடினார்கள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எந்த முகத்தோடு போவது? இத்தனை நாளுக்குப் பிறகு அந்த மனுஷன் மனசைத் தேற்றிக்கொண்டு மெஷினைத் தொடப் போயிருக்கிறார். கட்டினவளே அவரை ஊர் சிரிக்க வைத்துவிட்டாள்.

கழற்றிப் போட்ட கவுனை எடுத்துப் பார்த்தாள். புதுசு. பெட்ரோல் சிந்திய இடம் துளி எண்ணெய்க் கறைகூட இல்லாமல் காய்ந்திருந்தது. அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த ஆறுதல் அது ஒன்றுதான்.

பொழுது சாயும் நேரத்தில் ராய்ஸ்டன் அடுப்படிக்கு வந்து அவள் எதிரே உட்கார்ந்தான். போட்டு வைத்த தேநீரைத் தொடவில்லை.

"மன்னிச்சிருங்க," என்றாள் இசபெல். "உங்களப் போயி அப்படி நெனச்சுட்டேன். எல்லார் முன்னாடியும் தலைகுனிய வெச்சுட்டேன். நீங்க கலந்து வெச்ச பெட்ரோலயும் கொட்டிட்டேன்."

அவன் தேநீர்க் குவளையைத் தள்ளி வைத்தான்.

"இசபெல், என்னை சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா? இப்பவே."

"ஏங்க? உடம்புக்கு என்னா?"

"உடம்புக்கு ஒன்னுமில்ல." அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டான். "நீ கத்துனதுல தப்பே இல்ல. அந்தப் பாட்டில்ல நான் எண்ணெயே கலக்கல."