ஸல்வாவுக்குச் சொன்ன ஸலாம்

"ஸல்வாக்கு என்ட ஸலாத்த எத்தி வை, மகள். அமானிதம், மறந்திராத. இண்டைக்கே எத்தி வை."

ஒவ்வொரு நாளும் இதைச் சொல்லிவிட்டுத்தான் உம்மா போனை வைப்பார். "இண்டைக்கே" என்பது மட்டும் இன்று புதிதாகச் சேர்ந்திருந்தது.

"ஓம் உம்மா" என்றாள் சிபானா.

கல்முனையில் பகல் பதினொன்றரை. சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போனில் உம்மாவின் முகம் பாதியும் குசினி முகடு மீதியுமாகத் தெரிந்தன. வெளியே மீன்காரரின் ஹோன் கேட்டதும் முகம் போய் முகடு மட்டும் மிஞ்சியது.

பின்லாந்தில் காலை எட்டு மணி. சிபானா கணுக்கால் புதையும் பனியில், பஸ் தரிப்பிடத்தில் நின்றாள்.

ஸல்வா என்று ஒருத்தி இல்லை.

மேற்படிப்புக்கு வந்த இரண்டாம் கிழமையில், "கதைக்கிறதுக்கு ஆள் இரிக்கா மகள்?" என்று உம்மா கேட்டார். இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. குமர்ப்பிள்ளையைத் தனியாக அனுப்புவதா என்று ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தவர் வாப்பா. ஆள் துணையில்லை என்று அவருக்குத் தெரிந்தால் படிப்பு அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

அதனால், "இரிக்கி உம்மா. ஸல்வா எண்டு ஒரு மொரோக்கோப் புள்ள" என்றாள்.

ஸல்வாவைக் காட்டச் சொன்னபோது அவளுக்குத் தடிமன் என்றாள்.

உம்மா விடவில்லை. "கொத்தமல்லியும் இஞ்சியும் அவிச்சுக் குடு. பாவம், அதுவும் உம்மாவ உட்டுட்டு வந்த புள்ளதானே."

மறுநாள் தடிமன் சுகமா என்று விசாரித்தார். அதற்கு மறுநாள் ஸல்வாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். சிபானா வாயில் வந்ததைச் சொன்னாள்: நாலு பேர்.

பொய் உறுத்தியது. அதைவிட அந்த ஸலாம் உறுத்தியது.

ஒருவர் தந்த ஸலாத்தை ஓம் என்று ஏற்றுக்கொண்டால் அது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள்; அதை உரியவரிடம் சேர்த்தே ஆக வேண்டும். சின்ன வயதில், உம்மா சொல்லிவிட்ட ஸலாத்தை மறப்பதற்குள் சேர்த்துவிட வேண்டுமென்று, அடுத்த தெரு மாமி வீட்டுக்குச் செருப்பையும் விட்டுவிட்டு ஓடியவள் அவள். இப்போது ஆறு கிழமையாக ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. தினமும் தொழுகையில் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்பாள். தினமும் மறுபடி "ஓம் உம்மா" என்பாள்.

தரிப்பிடத்தில் ஆளுக்காள் எட்ட எட்ட நின்றார்கள். கல்முனையில் இவ்வளவு இடைவெளி இருந்தால் நடுவில் இரண்டு மாடு படுத்திருக்கும்.

அந்தக் கடைசியில் மண்ணிற முக்காட்டுப் பெண் நின்றிருந்தாள். தினமும் நிற்பவள்தான்.

கண்ட முதல் நாளே ஸலாம் சொல்லியிருக்க வேண்டும். கூச்சத்தில் விட்டாள். முதல் நாள் சொல்லாததால் இரண்டாம் நாள் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கும் இன்றோடு ஆறு கிழமை.

பஸ் தூரத்தில் திரும்பியது.

பெயர் வேறாக இருந்தால் என்ன, ஸலாம் ஸலாம்தானே என்று நினைத்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு, அந்த இரண்டு மாட்டு இடைவெளியை நடந்து கடந்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். என் உம்மா உங்களுக்கு ஸலாம் சொன்னார்" என்றாள் ஆங்கிலத்தில்.

அந்தப் பெண் திகைத்தாள். "உங்கள் உம்மாவுக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியாது."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில், எட்ட எட்ட நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நெஞ்சில் கை வைத்து, உனக்கும் உன் உம்மாவுக்கும் ஸலாம் உண்டாகட்டும் என்று அரபியில் முறைப்படி பதில் சொன்னாள்.

பெயர் ஹோதன். சோமாலியாக்காரி. வயோதிபர் இல்லமொன்றில் தாதி. இந்த ஊருக்கு வந்து மூன்று வருடத்தில் யாருடைய உம்மாவும் அவளுக்கு ஸலாம் சொல்லிவிட்டதில்லையாம். "நானும் ஸலாம் சொன்னதாகச் சொல்லுங்கள். எனக்காக துஆச் செய்யவும் சொல்லுங்கள்."

பஸ்ஸில் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஹோதன் சுடுதண்ணீர்ப் போத்தலைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். ஏலமும் கறுவாவும் மணத்தன. சிபானாவுக்கு மூக்கு முதலில் கரைந்தது, பிறகு கண்.

பொறுக்க முடியாமல் உடனே உம்மாவுக்கு அழைத்தாள். போன் பழையபடி சீனிப் போத்தலில் சாய்ந்திருந்தது. உம்மா சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உம்மா, ஸலாத்த எத்தி வெச்சிட்டன். அவவும் உங்களுக்கு ஸலாம் சொன்னா. துஆக் கேக்கச் சொன்னா."

கத்திச் சத்தம் நின்றது. உம்மா முதலில் பதில் ஸலாம் சொன்னார். பிறகு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "ஆறு கிழமையா நான் செல்லி உட்ட ஸலாத்துக்கு இண்டைக்குத்தான் மகள் பதில் வந்திரிக்கி."

பதில் ஸலாம். பொய்யில் எல்லாவற்றையும் சேர்த்தவள் அதை மட்டும் சேர்க்க மறந்திருந்தாள்.

கத்திச் சத்தம் மறுபடி தொடங்கியது.

"வாப்பா பள்ளிக்குத் தொழப் போயிட்டார், பயப்படாமச் செல்லு" என்றார் உம்மா. "இந்தப் புள்ளட பேர் என்ன?"