ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள்

"மொத்தத்தையும் குடி. பாதியில வெச்சா பாதி ஓட்டம்தான் வரும்" என்றார் பயிற்சியாளர்.

உடைமாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்து அவள் காபியைக் குடித்தாள். ஒரு மணி நேரத்தில் தேர்வுப் போட்டி. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். அணியில் மீதம் இருப்பது ஒரே இடம். இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

பயிற்சியாளரின் மனைவி இரண்டு ஃபிளாஸ்க்குகளையும் மூடினாள். சிவப்பு, ஓடுகிறவளுக்கு: அசல் காபி. நீலம், பயிற்சியாளருக்கு: காஃபின் நீக்கிய காபி. காலையும் மாலையும் போட்டுக் கொண்டுவருவது அவள் வேலை.

"பல்லு முளைச்ச நாள்லேர்ந்து கெட்டிக் காபி குடிச்சவர் நீங்க. எதுக்கு சார் இந்தச் சப்பைக் காபி?" என்று கேட்டாள் ஓடுகிறவள்.

"ஆராய்ச்சின்னா ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் வேணும்ல? அது நான்தான்." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இங்க பாரு. உடம்பு உழைக்க உழைக்க மூளையில ஒரு ரசாயனம் சேரும். அது வந்து இந்த நாற்காலியில உட்கார்ந்தாத்தான் உனக்குக் களைப்பு தெரியும். காஃபின் என்ன பண்ணும்?" சட்டென்று தானே உட்கார்ந்தார். "முந்திக்கும்! களைப்பு பாவம், நின்னுக்கிட்டே இருக்கும். மனசும் லேசாகிடும்."

"முதல் வாரம் லேசாகலையே சார்?"

"அது உடம்பு பழகுற நேரம்மா."

முதல் வாரத்தை யாரும் மறக்கவில்லை. வளைவுக்கு வளைவு அவர் கத்தினார். அவள் தோள் இறுகி, கால் தடுமாறி ஓடினாள். விசிலைக் கழற்றிக் கூரைமேல் எறிந்தார். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. இரண்டாவது வாரம் எல்லாம் மாறியது. அவளுடைய ஓட்டத்தில் வேகம் கூடிக்கொண்டே போனது. "பார்த்தியா, காஃபின் வேலையைக் காட்டுது!" என்று சொல்லிப் பாட்டு முணுமுணுக்கவே ஆரம்பித்துவிட்டார் அவர்.

போட்டி தொடங்கியது. கடைசிச் சுற்று வரை அவள் இரண்டாவதாகத்தான் ஓடினாள். கடைசி வளைவில் பயிற்சியாளர் நின்றிருந்தார். அவள் தோள் பழைய ஞாபகத்தில் லேசாக இறுகியது.

"அப்படித்தான் கண்ணு. போயிட்டே இரு" என்றார், பக்கத்து வீட்டுக்காரரை நலம் விசாரிப்பதுபோல.

தோள் தளர்ந்தது. கால் நீண்டது. கோட்டைத் தொட்டபோது அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

பயிற்சியாளர் மற்ற பயிற்சியாளர்களை எல்லாம் கூட்டினார். எங்கிருந்தோ ஒரு நாற்காலியும் பிடித்துவிட்டார்.

அவள் மூச்சிரைக்க வந்து அவர் மனைவியைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, எல்லாம் உங்க காபிதான்! அந்தச் சிவப்பு ஃபிளாஸ்க்கை எனக்கே கொடுத்துடுங்க. ஞாபகமா வெச்சுக்கறேன்."

"தாராளமா எடுத்துக்கோ" என்றாள் அக்கா, நாற்காலியில் துள்ளி உட்கார்ந்து சிரித்த கணவரைப் பார்த்தபடி. "ஆனா நீலத்தைக் கேட்காதே. ரெண்டாவது வாரத்துலேர்ந்து அசல் காபி அதுலதான் போகுது. அந்த மனுஷன் கத்தாம இருந்தாத்தான் உனக்கு ஓட்டம், எனக்கு வீடு."